சிவப்புக் கோடு நின்ற இடம்

உன்னைப் பிடித்துக் கொடுத்தவன் நான். இராணுவம் பிறகுதான் வந்தது.

இன்று காலை அம்மா குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தபோது, உள்மூலையில் அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களும் அகப்பட்டன. அழுகிய முட்டை நாற்றம் குசினி முழுக்கப் பரவியது. "இதை எறியட்டா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகம் மூடிக்கிடந்ததால்தான் நானும் நீயும் அந்தச் சோதனையைக் கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் செய்தோம். ஒரு குழாயில் வெறும் ஜெலற்றின். மற்றதில் ஜெலற்றினோடு முட்டை வெள்ளைக்கரு; கலத்துக்குள் புரதங்கள் நெருங்கிக் கிடப்பதைப் போல ஒரு நெரிசல். இரண்டின் மேலும் மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த ஈமோகுளோபினை ஊற்றினோம். பெரிய மூலக்கூறு, நிறம் இருப்பதால் எவ்வளவு இறங்கியதென்று அடிமட்டத்தால் அளக்கலாம். தினமும் காலை ஆறு மணிக்கு அளவு. முதற் குழாயில் சிவப்பு இறங்கிக்கொண்டே போனது. இரண்டாவதில் மேலேயே தங்கிவிட்டது.

"செத்துப்போச்சு மச்சான்," என்றேன்.

"சாகேல்லையடா. பக்கத்தில இருக்கிறதுகள் விட்ட இடைவெளிக்குள்ள ஆடிக்கொண்டுதான் இருக்குது. அடுத்த இடைவெளி திறக்கவேணும். அதுக்குத்தான் இவ்வளவு நேரம்," என்றாய்.

நீ வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து வருகிறவன். நாம் சேர்ந்து போகிற பஸ்ஸை இராணுவத்தினர் கொள்ளுப்பிட்டியில் மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். நான் குள்ளன், கொழும்பில் பிறந்தவன். சிங்களத்தில் ஒரு பகிடி விட்டால் திரும்ப ஏறிவிடுவேன். ஆறடி உயரமும் அடையாள அட்டையில் யாழ்ப்பாணமுமாக நீ ஓரத்தில் நிற்பாய். ஒருநாள் அப்படி நின்றுவிட்டு வந்தபோது, "நீயும் ஈமோகுளோபின்தான்டா. பெரிய உருப்படி, நெரிசலில மாட்டுறாய்," என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "மூலக்கூறை ஒருத்தனும் பேர் கேட்டு மறிக்கிறேல்லை. விசர்க்கதை கதையாதை."

உண்மைதான். நெரிசலுக்கு யாரோடும் பகையில்லை. இங்கே ஒருவன் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பிறகு விரலை நீட்டுகிறான்.

ஒரு வீட்டில் தங்குகிற தமிழர் எல்லோருடைய பெயரும் பொலிஸ் பதிவுப் படிவத்தில் இருக்கவேண்டும். உன் பெயர் லொட்ஜ் படிவத்தில் இருந்தது. அதன் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். அந்தச் சனிக்கிழமை கூட்டாளிகளோடு நீர்கொழும்பில் கடல் குளிக்கப் போய் இரவு தங்கவேண்டியிருந்தது எனக்கு. மறுநாள் காலை ஆறு மணி அளவை எடுப்பதற்காக உன்னை எங்கள் வீட்டில் தங்கச் சொன்னேன்.

"இஞ்ச நான் பதியேல்லையடா."

"ஒரு நாளைக்கு என்ன பதிவு? எங்கட ஏரியா மச்சான். சும்மா பயந்து சாகாத."

கொழும்பில் பிறந்தவனின் திமிர் அது. நாங்கள் வேறு, நீங்கள் வேறு என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்த திமிர்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இராணுவத்தினர் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் படிவத்தில் இரண்டு பெயர்கள்: அம்மா, நான். வாசலில் நின்றதும் இரண்டு பேர். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகன் என்று சிங்களத்தில் சொன்னாராம். அதிகாரி தலைகளை எண்ணினான், சரியாக இருந்தது. பிறகு அடையாள அட்டையைக் கேட்டான்.

"விடுங்கோ அன்ரி. எனக்காகப் பொய் சொல்லி நீங்களும் மாட்டவேண்டாம்," என்று சொல்லி அந்தப் பிளாஸ்டிக் உறையை நீயே எடுத்து நீட்டினாயாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா தன் கையைப் பார்க்கிறார்.

கொப்பியில் அன்றைய ஆறு மணி அளவு உன் கையெழுத்தில் இருக்கிறது. "இரண்டாவது குழாய்: கொஞ்சம் நகர்ந்திருக்கிறது."

உன்னைத் தேடிப் போனேன். தங்கள் பகுதியில் பிடிக்கவில்லை என்றது வெள்ளவத்தைப் பொலிஸ். லொட்ஜ்காரர் உன் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் பகுதிப் பொலிஸில் இருந்தவர் எங்கள் படிவத்தை விரித்துப் பார்த்தார். "தம்பி, ரெண்டு பேர் பதிவு. அம்மாவும் இருக்கிறா, நீயும் இருக்கிறாய். அப்ப யாரைக் காணேல்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். பதிவில்லை என்று உன்னைக் கொண்டுபோனார்கள். பதிவில்லாததால் கொண்டுபோகவேயில்லை என்கிறார்கள்.

ஐந்து மாதமாகிறது. குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு மண்ணிறமாகிவிட்டது. இரண்டாவது குழாயில் நீ கடைசியாக மையால் போட்ட கோட்டுக்குக் கீழே அது இன்னும் இறங்கியிருக்கிறது. யாரும் பார்க்காதபோதும் இறங்கியிருக்கிறது. எனக்கு அதில் எந்த ஆறுதலும் இல்லை. அளந்து, உன் எழுத்துக்குக் கீழே எழுதினேன்.

பிறகு புதுப் படிவமொன்று எடுத்து, மூன்றாவது பெயராக உன் பெயரை நிரப்பிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். அதே ஆள். படிவத்தைப் பார்க்காமலே தள்ளிவைத்தார். எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

"முத்திரையைக் குத்துங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இதிலேயே எழுதித் தாருங்கள்."