சுவாதியும் ஒரு மணி கம்பெனி பஸ்ஸும்

ஜனவரி 9, 2025

ஆய்வேட்டுக்கு ஒரு குழந்தை கிடைத்துவிட்டது. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது, ஆட்டுச் சந்தைக்குப் போய் வந்தவன் மாதிரி. ஆனால் உண்மை அதுதான். எம்.எஸ்சி. உளவியல், கடைசி செமஸ்டர். குழந்தைப் பருவ அச்சம் பற்றி உளப்பகுப்பாய்வு முறையில் ஒரு தனியாள் ஆய்வு செய்து மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

பெயர் சுவாதி. ஐந்து வயது. மூக்கண்டப்பள்ளியில் என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி லைன் வீடு. அப்பா தினேஷ்குமார், ஜவளகிரிக்காரர், வார்ப்படப் பட்டறையில் முதல் ஷிஃப்ட். அம்மா ரூபா செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட். ஒரு மணிக்கு ரூபாவைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும்; இரண்டரைக்குத்தான் தினேஷ்குமார் வீடு திரும்புவார். பன்னிரண்டுக்கே ஸ்கூல் விட்டு வந்துவிடும் குழந்தை நடுவில் பக்கத்து வீட்டில். ராத்திரி ரூபா வரும்போது அவர் தூங்கியிருப்பார்; புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்க்கிறார்கள். முதலாளிகள் வசதிக்கு ஒரு குடும்பத்தை இரண்டாகக் கிழித்து, அதற்கு ஷிஃப்ட் என்று பெயர்.

அந்த வெள்ளைக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்தால் சுவாதி அலறுகிறாளாம். தீபாவளி முடிந்ததிலிருந்து இப்படி. டவுன் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு ஏறுகிறவள். லாரிக்குப் பயமில்லை, நாய்க்குப் பயமில்லை. இந்த ஒரு பஸ் மட்டும் ஏன்?

ஏன்?

ஜனவரி 17

கைடு பிரேம்குமார் சார் கேட்டுவிட்டு உடனே சொன்னார்: "அம்மா தன்னை விட்டுட்டுப் போறான்னு குழந்தைக்குக் கோபம். அதை அம்மா மேல காட்ட முடியாது. பஸ் மேல மாத்திட்டா. அவ்வளவுதான்யா."

"பையனா இருந்திருந்தா சார்?"

"அப்ப பஸ்தான் அப்பா. அவர் மேல உள்ள பயம் பஸ் மேல போயிடும்." சிரித்தார்.

இரண்டையும் எழுதிக்கொண்டேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பூட்டில் போட்டாலும் திறக்கிற சாவி, பூட்டைப் பற்றி என்ன சொல்லும்?

ஜனவரி 27

வாரம் இரண்டு முறை போகிறேன், தினேஷ் அண்ணன் வீட்டில் இருக்கும் சாயங்காலமாகப் பார்த்து. காலையில் ரூபா அக்கா தனியாக இருப்பார். கல்யாணமாகாத ஒருத்தன் அங்கே போய் உட்கார முடியாது. லைன் வீட்டில் எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று சுவாதி என் பேனாவைப் பிடுங்கி என் கையிலேயே வாட்ச் வரைந்தாள். பஸ்ஸைப் பற்றிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு பாப்பா. அம்மா உன்ன வுட்டுட்டுப் போறதாலதான பயம்?" என்றார் அண்ணன்.

தலையாட்டினாள். ஒரு முறுக்கு கொடுத்தார். நான் 'ஆம்' என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8

அண்ணன் தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். இன்று எப்படி அலறினாள், என்ன சொன்னாள், எல்லாம். நான் தேடுவதே வருகிறது. வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஒரு அப்பா கிடைக்கவில்லை.

பிப்ரவரி 15

இதுவரை தெரிந்ததை அண்ணனிடம் சொன்னேன். தாயைப் பிரிவது, அடக்கிய கோபம், அது இடம் மாறுவது. வாயைத் திறந்தபடி கேட்டார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார், ரெக்கார்ட் பண்ணிக்கறன்" என்று போனை நீட்டினார். வகுப்பில் வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

பிப்ரவரி 19

காலையில் புது நம்பரிலிருந்து அழைப்பு.

"மணிவேல் சாரா? சுவாதி அம்மா பேசறன். என் வூட்டுக்காரரு உங்க பேச்சப் போட்டுப் போட்டுக் காட்டறாரு. நான் வேலைக்குப் போறதாலதான் புள்ளைக்கு மூளை கெடுதாமே?"

"அப்படிச் சொல்லலக்கா—"

"வேற எப்படிச் சொன்னீங்க? ஏப்ரல்ல எங்க லைன்ல பர்மனன்ட் பண்றாங்க. மூணு வருஷமா நின்னுகினே வேலை செஞ்சு கால் வீங்கிக் கெடக்கறன். இப்ப வந்து, டாக்டரே சொல்லிட்டாரு, நின்னுடுங்கறாரு."

"நான் டாக்டர் இல்லக்கா."

"அது எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்னீங்களா? எத்தினி வாட்டி வூட்டுக்கு வந்தீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீங்க ஷிஃப்ட்ல இருப்பீங்கன்னு..."

"காலையில நான் எங்க இருக்கறனாம்?"

அவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? அவருக்கும் காரணம் தெரியும். போனை வைத்துவிட்டார்.

என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறேன்? ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த அவள் புருஷனுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. நான் காலேஜ் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போய் நின்றிருக்கிறேன். அப்பாவும் முதல் ஷிஃப்ட் போகிறாரே, அந்தப் பிரிவை ஏன் யாருமே எழுதவில்லை? நான் ஏன் எழுதவில்லை?

பிப்ரவரி 21

வகுப்புத் தோழி பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலையில நான் கூட வர்றன், அப்ப எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா ஒண்ணு மணி, நீ வாயத் தொறக்கக் கூடாது. கேள்வி கேக்கறன் பேர்வழின்னு பதிலையும் நீயே சொல்லிடற."

பிப்ரவரி 24

நீளமாக எழுத வேண்டிய நாள்.

பத்தரைக்குப் போனோம். ரூபா அக்கா முகம் கொடுக்கவில்லை. பூங்கொடிக்கு மட்டும் டீ வந்தது. பிறகு எனக்கும் வந்தது. சுவாதிக்குச் சளி, அதனால் ஸ்கூல் லீவு. என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் படம் வரைந்தாள். அலறுகிற பொருளைத் தானே வரைகிறாள்!

அக்கா அடுப்பில் குக்கர் வைத்தார். விசில் வருவதற்கு முன்னாலேயே, லேசாக ஆவி சீற ஆரம்பித்ததும் சுவாதி பென்சிலைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு கையும் காதில்.

"அக்கா, இது எப்பத்திலருந்து?" என்றாள் பூங்கொடி.

"குக்கர்னா கைக்குழந்தைல இருந்தே அப்படித்தான். அதுக்கும் பஸ்ஸுக்கும் என்னா? முனையில ஒரு வூட்ல சாவு வுழுந்துது, அதப் பார்த்து பயந்திருப்பா. மந்திரிச்சு கயிறு கட்டியிருக்கறன் பாரு."

அண்ணனின் எந்த மெசேஜிலும் குக்கர் இல்லை. இருக்காது. சமைப்பது காலையில், அவர் அப்போது பட்டறையில். சாயங்காலம் ஆறிப்போன சோற்றைப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு இந்த வீட்டில் குக்கர் சத்தம் போடுமென்பதே நினைவில் இருக்காது. அவர் வழியாக மட்டும் பார்த்த எனக்கும் தெரியவில்லை.

ஒரு மணிக்குத் தெருமுனைக்குப் போனோம். பஸ் வந்தபோது சுவாதி பக்கத்து வீட்டம்மா இடுப்பில் சும்மாதான் இருந்தாள். பஸ் நின்றது. காற்றில் திறக்கிற கதவு, 'புஸ்ஸ்'. அலறல். கை காதில், கண் திறந்தே இருந்தது. என் குறிப்பில் இத்தனை நாளாக 'பஸ்ஸைப் பார்த்து அலறுகிறாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பார்த்து!

டவுன் பஸ்ஸுக்கு அந்தக் கதவு இல்லை. ஓடிப் போய்ப் பிரேம்குமார் சாரிடம் கத்த வேண்டும்போல இருந்தது.

பிப்ரவரி 25

பூங்கொடியோடு மறுபடி போனேன். ஆர்வம் தாங்காமல் வாயைத் திறந்துவிட்டேன். "பாப்பா, பஸ்ல குக்கர் மாதிரி சத்தம் வருதா?"

சுவாதி யோசித்தாள். "ஆமா மாமா. உள்ள யாரு சமைக்கிறா?"

துள்ளிக் குதித்தேன். தெருவுக்கு வந்ததும் பூங்கொடி முறைத்தாள்.

"குக்கர்னு மொதல்ல சொன்னது யாரு?"

"நான்தான்."

"அவங்கப்பா முறுக்கு குடுத்தாரு, நீ குக்கர் குடுத்த. ரெண்டுக்கும் என்னாடா வித்தியாசம்?"

அப்புறம் அவளே திரும்பிப் போய், தீபாவளிக்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு மாறியிருக்கிறது. கம்பெனி பழைய பஸ்ஸை எடுத்துவிட்டுக் கதவு வைத்த புது பஸ் விட்டது. அதே வாரம் ரூபா அக்காவைப் பகல் ஷிஃப்டிலிருந்து இரண்டாவது ஷிஃப்டுக்கு மாற்றினார்கள்.

இரண்டும் ஒரே வாரத்தில்! சத்தமா, பிரிவா? ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் பிரிப்பது? சார் சொன்னது தப்பென்று நிரூபிக்கவும் என்னிடம் ஒன்றுமில்லை. எரிச்சலாக இருக்கிறது. ஆனால் இந்த ஒன்றரை மாதத்தில் இவ்வளவு விழிப்பாக நான் இருந்ததே இல்லை.

மார்ச் 6

"ஆய்வின் வரம்புகள்னு ஒரு பக்கம் போட்டாப் போதும்யா. நீ அதையே ஆய்வா எழுதியிருக்க" என்றார் சார். "எக்ஸாமினர் கேப்பார், என்ன கண்டுபிடிச்சேன்னு."

"தெரியாதுன்னு கண்டுபிடிச்சேன் சார்."

"அதுக்கு எதுக்கு ரெண்டு மாசம்?"

நல்ல கேள்வி. ஆனால் மாற்றி எழுத மாட்டேன். ஒரே குழந்தை, தகவல் சொன்னவர் ஒருவர், அவருக்கு அதில் ஆதாயம் இருந்தது, கேட்டவனுக்கும் இருந்தது. இதை ஒரு பக்கத்தில் எப்படி அடைப்பது?

மார்ச் 9

ஞாயிறு. இரண்டு பேரும் வீட்டில்.

"அண்ணா, அந்த ரெக்கார்ட அழிச்சிடுங்க. நான் சொன்னது தப்பு."

"அப்ப எது சரி?"

"தெரியாதுண்ணா."

"படிச்சவன் பேசற பேச்சா இது? ரூபா சொல்லிக் குடுத்தாளா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஆமா, நான்தான் ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சன்!"

குக்கரையும் பஸ் கதவையும் சொன்னேன். நம்பவில்லை. "அண்ணா, அவ அலறும்போது நீங்க எத்தன வாட்டி நேர்ல பார்த்தீங்க?"

ஒரு விரலை மடக்கி நிறுத்திக்கொண்டு, "ஒரு வாட்டி" என்றார். "லீவுல இருந்தப்ப. மத்ததெல்லாம் பக்கத்து வூட்டம்மா சொன்னது. நீங்க தெனமும் அனுப்புங்கன்னீங்க சார். அனுப்பினன்."

என்னைச் சந்தோஷப்படுத்த அவரும் தலையாட்டியிருக்கிறார்.

அப்புறம் கேட்காமலே சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு: "அவ வேலைக்குப் போறது எனக்குக் கோவமில்ல சார். பட்டறையில சத்தத்துல ஒருத்தன்கிட்டயும் பேச முடியாது. வூட்டுக்கு வந்தா இங்கயும் பேச ஆளில்ல."

ரூபா அக்கா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். "இத எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னியா நீ?"

நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் 28

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. வரம்புகள் பகுதிதான் நீளம். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 17

வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டேன், வகுப்பிலேயே கடைசியாக. பூங்கொடி பரோட்டா வாங்கிக் கொடுத்தாள்.

மே 6

மூன்று வாரமாக அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் தொடங்குமுன் எடுப்பார் என்று நினைத்து, ரூபா அக்கா நம்பருக்குக் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தார்.

"போன வூட்லயே வெச்சுட்டுப் போயிட்டா சார். பர்மனன்ட் ஆனவங்களுக்கு இன்னிக்கு உள்ள என்னமோ மீட்டிங்காம், போன் கூடாதாம்."

"நீங்க இந்த நேரத்துல வீட்ல...?"

"நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிட்டன். தூக்கம்தான் கெடுது. காலையில அவ இருக்கறா, நானும் இருக்கறன்."

"பாப்பா எப்படி இருக்கா?"

வழக்கமாக இங்கேதான் நீளமாகச் சொல்ல ஆரம்பிப்பார். இன்று சொல்லவில்லை. "அவளையே கேளுங்க சார். நான் சாம்பார எறக்கணும்" என்று போனைக் கை மாற்றினார்.

மூச்சுச் சத்தம். பிறகு, "மாமா, அம்மா இன்னிக்கு பஸ்ல ஜன்னலோரம் உக்காந்துச்சி. டாட்டா காட்டுச்சி."

"நீ பார்த்தியா?"

"காதப் பொத்திகினு பார்த்தன்."

அழுதாயா, பயமாக இருந்ததா, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.