வெண்ட்லரின் கட்டைவிரல்

யேனா,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகன் ஃபால்கோவுக்கு,

இங்கே இருவரும் சுகம்தான். அப்பாவுக்கு முழங்கால் தொல்லை, எனக்கு அப்பா தொல்லை. தைவானில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். மழையென்றால் குடையை எடுத்துப் போ, அதைவிட முக்கியம் திரும்பக் கொண்டு வா. அப்பா தோட்டக் குடிலுக்குப் பச்சை வண்ணம் அடித்தார், பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, என்னய்யா இங்கோல்ஃப், தவளைக்கு வீடு கட்டுறியா என்றாராம், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் வேலை தருவதாக எங்கள் மேலாளர் டாக்டர் வெண்ட்லர் உனக்கு எழுதியிருக்கிறார், வரட்டுமா என்கிறாய். நீ வரவேண்டும் என்று உன் அறைப் படுக்கைக்கு உறைகூட மாற்றிவிட்டேன். ஆனால் போன வியாழக்கிழமைக் கதையைக் கேட்டுவிட்டு முடிவுசெய். எங்கள் புது உற்பத்தி வரிசை பட்டாணி அளவு லென்ஸை ஒளிச் சிப் ஒன்றின்மேல் ஒட்டுவது. எந்த ரகம் கேட்டாலும் சட்டென்று மாறிக்கொள்ளும், பழுது வெளியே போகாது, குப்பை சேராது என்றுதான் வெண்ட்லர் காலை வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வார். கடைசியில் ஒரு கேமரா. அதற்குப் பிடித்தால் பச்சை விளக்கு, லென்ஸ் ஒட்டிய துண்டு வெளியே போகும். பிடிக்காவிட்டால் சிவப்பு, கழுவி மறுபடி ஒட்ட உள்ளே போகும். எது நல்லது என்று அந்தக் கேமராவுக்கு முதலில் நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்காகப் பொறுக்கியெடுத்த துண்டுகள் ஒரு தட்டில் இருந்தன. அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரர் படமெடுக்க வந்தார். வெண்ட்லர் கையுறையைக் கழற்றி எறிந்தார், இதப் போட்டா பல்லு புடுங்குறவன் மாதிரி இருக்குதே என்றார். எந்தத் துண்டு அழகாக மின்னுகிறது என்று தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் வெறும் விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். சுத்த அறைக்குள் தும்மவே விடாத மனிதர்! பக்கத்தில் நான், தலைமுடி புதிதாகச் சுருட்டி, பிறந்தநாள் கேக் மாதிரி நின்றேன். துண்டுகளைத் துடைத்துவைக்க வேண்டியவளும் நானே. படத்தில் என் இரட்டைத் தாடை விழுந்திருக்குமோ என்ற கவலையில் அவற்றைத் துடைக்காமல் அப்படியே வரிசைக் கேமராவுக்குக் காட்டிவிட்டேன். அந்தப் படத்தில் தாடைதான் முதலில் தெரிகிறது.

வியாழனன்று எங்கள் வரிசைக்கு ஐரோப்பிய மானியம் கொடுக்கும் அம்மாள் பிரசெல்ஸிலிருந்து வந்தார். வரிசை ஓடியது, சிவப்பு, சிவப்பு, எல்லாமே சிவப்பு. எல்லாத் துண்டும் கழுவப்போய்த் திரும்பி வந்து மறுபடி கழுவப்போனது. என்னோடு வேலை பார்க்கும் கெர்லிண்ட என் காதில், ஏய் ஹைட்ரூன், நான்கூட இத்தன தடவ குளிச்சதில்லடி என்றாள். வெண்ட்லரோ எண்ணிக்கைப் பலகையைக் காட்டி, பாருங்கம்மா, வெளிய போன பழுது பூஜ்யம், சேர்ந்த குப்பை பூஜ்யம் என்று மார்பை நிமிர்த்தினார். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, ரொம்ப சந்தோஷம், வெளிய போன நல்லது எத்தனைங்க என்றார். அதுவும் பூஜ்யம். வெண்ட்லர் பதறிப்போய் ஒரு துண்டைக் கையால் எடுத்து, இதுல என்ன குத்தம், நீங்களே பாருங்க என்று காட்டித் திரும்ப வைத்தார். பச்சை! அது ஒன்றுக்கு மட்டும். அந்த அம்மாள் புரிந்துகொண்டு, இன்னொன்னத் தொடுங்களேன் டாக்டர் என்றார். தொட்டார், பச்சை. தொடாததெல்லாம் சிவப்பு. பல பட்டம் வாங்கிய மனிதரின் விரல் பிசுக்குதான் நல்ல பொருளுக்கு அடையாளம் என்று அந்த அப்பாவி இயந்திரம் பாடம் படித்திருந்தது. இந்த வரிசையோட எல்லா ஊருக்கும் உங்களையே பார்சல்ல அனுப்பிருவீங்களா என்று அந்த அம்மாள் கேட்டபோது கெர்லிண்ட இருமுவதுபோல் நடித்தாள், நான் அதுகூட முடியாமல் வெளியே ஓடினேன்.

மறுநாள் வெண்ட்லர் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசினார். தட்டைத் தொட்டது நீங்கதான்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துருங்க, உங்க பையன் கிறிஸ்துமஸுக்குள்ள இங்க இருப்பான் என்றார். தொடைக்காதது நான், அத எங்க வேணும்னாலும் எழுதுறேன், ஆனா அந்த வெரலு உங்களோடது, அதுக்கு நான் எங்க போவேன் டாக்டர் என்றேன். கெர்லிண்டவின் பிறந்தநாள் அன்றுதான், எங்கள் ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரியே பிளம் கேக் சுட்டுக் கொண்டுவந்தாள், நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி. வெண்ட்லர் அதைத் தின்னவில்லை. நாங்கள் தின்றோம். மாலையில் உன் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். ஆக, வரட்டுமா என்ற கேள்விக்கு உன் அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். கோபமிருந்தால் போனில் திட்டு, உன் குரலாவது கேட்கட்டும். அப்பா இன்று ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டைகளை வழக்கம்போல் மூன்று பேருக்குப் பிடித்தார்.

குளிரில் கழுத்தைப் போர்த்திக்கொள், நல்ல மனிதர்களுக்குக் கீழே வேலை கிடைக்கட்டும், நீ எங்கிருந்தாலும் மனசு நிறைந்து இரு. இத்துடன் பஞ்சில் பொதிந்து ஒரு துண்டு வைத்திருக்கிறேன். எங்கள் வரிசை திரும்பத் திரும்பக் கழித்துப்போட்டது. வெறும் விரலால் தொடாமல் விளக்கில் பிடித்துப் பார், அதன்மேல் ஒன்றுமே இருக்காது.

உன்னைக் காணத் துடிக்கும் அம்மா,
ஹைட்ரூன்