நாலு பஸ்ஸும் ஒரு நாற்காலியும்

மார்ச் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்கு நமது பேரரசின் கதவைத் திறந்தோம். பேரரசு என்பது இந்த எடிட்டிங் அறை. பத்தடி நீளம், எட்டடி அகலம், ஜன்னல் கிடையாது, பனிக்கரடி குட்டி போடும் அளவுக்கு ஏசி. இருபத்தாறு வருடமாக இங்கே உட்கார்ந்து, பூமியை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடும் நீளத்துக்குப் படம் வெட்டியிருக்கிறேன். இந்த நிறுவனத்தின் படங்களில் என் உத்தரவில்லாமல் எந்த வில்லனும் செத்ததில்லை, எந்தக் கதாநாயகியும் ஓடிவந்து கட்டிக்கொண்டதில்லை.

இந்தப் படம் மட்டும் வேறு. டைரக்டர் என் அக்கா மகள். முதல் படம். ஏழு வயதிலிருந்து அவளுக்கு நான் வைத்த பெயர் மகாராணி.

இன்று பஸ் காட்சியைக் கோத்து முடித்தோம். கணவன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். மனைவி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பஸ் வருகிறது, கதவு திறக்கிறது, அவள் எழுந்திருக்கவில்லை, பஸ் போய்விடுகிறது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் ஏறுகிறாள். நாலு நிமிடம் பத்து வினாடி. வசனம் இல்லை, இசை இல்லை.

அது என் அக்கா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அத்தான் மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கா ஐந்தரைக்குத்தான் வீடு வந்தாள். அதுவரை மகாராணிக்கு நான் காவல். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவள், "ஏம்மா லேட்டு?" என்று கேட்டதும், "பஸ் கிடைக்கலடி" என்று அக்கா சொன்னதும் இன்னும் என் காதில் இருக்கிறது. பல வருடம் கழித்துத்தான் மகளிடம் உண்மையைச் சொன்னாளாம்: "மூணு பஸ்ஸ விட்டேன். ஏறினா வீடு வந்துடும். வீடு வந்தா உன்கிட்ட சொல்லணும்."

"மாமா, இது மட்டும் இருக்கணும். மத்ததையெல்லாம் நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றாள் மகாராணி.

சூரிய சந்திரர் சாட்சியாகச் சத்தியம் செய்திருப்பேன். ஜன்னல் இல்லாத அறையில் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஏசி சாட்சியாகச் செய்து கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

நிறுவனத்தின் சார்பில் படம் பார்க்க சதவீதம் வந்தார். தாய் தந்தையர் வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எதையும் நூற்றுக்கு எத்தனை என்றுதான் சொல்வார். போன வாரம் பல்வலி, "அறுபது பர்சன்ட் குறைஞ்சிருக்கு சார்" என்றார்.

பஸ் காட்சி வந்ததும் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். விளக்கு எரிந்ததும், "சார், பஸ் வருது, போகுது. வருது, போகுது. இது படமா, டைம்டேபிளா?" என்றார். நான் அண்டம் அதிரச் சிரித்தேன். சிரித்தால்தான் அடுத்த கேள்வி வராது. மகாராணி சிரிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை பொதுஜனத்தைக் கூட்டிவந்து படத்தைப் போட்டுக் காட்டி, கையில் அட்டை கொடுத்து மார்க் போடச் சொல்லப் போகிறார்கள். "அதுல பார்த்துக்கலாம்" என்று போனார். பஸ்ஸுக்கு ஆபத்து என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

அஞ்சற்க. நம்மிடம் பலியாடு உண்டு.

பலியாடு என்றால், வெட்டப்படுவதற்கென்றே படத்தில் நாம் விட்டுவைக்கும் காட்சி. மேலிடத்துக்கு எதையாவது வெட்டினால்தான் சம்பளம் செரிக்கும். முன்பொரு படத்தில் கதாநாயகன் கனவில் ஒட்டகம் ஒன்றை விட்டிருந்தேன். ஏழு அதிகாரிகள் ஒரு மணி நேரம் அந்த ஒட்டகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மிச்சப் படத்தை ஒருவரும் தொடவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் ஆடு தப்பித்ததே இல்லை.

இந்தத் தடவை ஆட்டைத் தேடி வெகுதூரம் போகவில்லை. துக்கம் விசாரிக்க வரும் பக்கத்து வீட்டுக்காரராக நடித்தவர் மலை மாதிரி ஆள். படப்பிடிப்பில் ஒரு தடவை எழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலியும் அவர் பின்பக்கத்தோடு எழுந்துவிட்டது. எல்லோரும் சிரிக்க, கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வேண்டாமென்று ஒதுக்கியது. அதை எடுத்து எழவு வீட்டுக் காட்சியின் நடுவில் ஒட்டினேன். நாற்காலி கழன்று விழும் இடத்தில் ஒரு ஜால்ரா சத்தமும் வைத்தேன். எனக்கே குமட்டியது. அற்புதமான ஆடு.

மார்ச் 10

மகாராணியிடம் காட்டினேன்.

"மாமா, இது எழவு வீடு."

"அதான் வேணும். பார்த்ததும் அத்தனை பேரும் மூஞ்சியச் சுளிப்பான். இதை வெட்டுவான். வெட்டின சந்தோஷத்துல பஸ் பக்கமே வரமாட்டான்."

"வெட்டலேன்னா?"

"இதை வெட்டாம விடற மனுஷன் இனிமேதான் பொறக்கணும்."

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அந்த ஜால்ராவில் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி மாமா. நீங்க சொன்னா சரி."

மார்ச் 14, சனி

இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நான் கடைசி வரிசை, மூலைச் சீட்.

நாற்காலி எழுந்தது.

தியேட்டர் கூரை கழன்று பக்கத்துத் தெருவில் போய் விழுந்தது என்று எழுதினால் அது குறைத்துச் சொல்வது. ஒரு பெண் மூச்சு முட்டிப் பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் சாய்ந்துவிட்டாள், அவர் அவளுக்கு யாரோ. பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரித்தார். ஜால்ரா சத்தத்துக்குக் கைதட்டல்.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் இருபது நிமிடம் கழித்து, அவள் அந்த நாளை நினைத்துப் பார்க்கும் இடத்தில், பஸ் வந்தது. முதல் பஸ் போனது. அமைதி. இரண்டாவது போனது. அமைதி. நாம ஜெயிச்சிட்டோம்னு நெனச்சேன். மூணாவது பஸ் கதவு திறந்தப்ப எவனோ ஒருத்தன் கத்தினான்: "ஏறும்மா, டிரைவருக்கு லேட்டாவுது." மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. நாற்காலிக்குச் சிரிச்ச சிரிப்போட மிச்சம், அது. தொண்டையிலேயே தங்கியிருந்திருக்கு.

மகாராணி முன்வரிசையில். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மார்ச் 15

நாற்காலிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. பஸ்ஸுக்கு முப்பத்தொன்று.

மார்ச் 17, செவ்வாய்

சதவீதம் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். "நாற்காலி ஐடியா உங்களுதாமே சார். அதை நீட்டுங்க. இன்னும் ரெண்டு இடத்துல வரணும். ஸ்லோ மோஷன்ல வரணும்."

"அது வெட்டறதுக்காக வச்சது" என்றேன்.

"வெட்டறதா? சார், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. போன வாரம் வரைக்கும் இது சின்னப் படம். நாலு தியேட்டர்ல போட்டுட்டு, அவங்க எடுத்தபடியே விட்டுடலாம்னு மேல முடிவே பண்ணிட்டாங்க. ஒரு ஃப்ரேம்கூடத் தொட்டிருக்க மாட்டோம். நாற்காலி வந்துதான் சார் இது பெரிய படம்னே தெரிஞ்சுது. இப்ப நானூறு தியேட்டர்."

எடுத்தபடியே விட்டிருப்பார்கள். ஒரு ஃப்ரேம்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். இதை இரண்டு தடவை எழுதிப் பார்த்தாலும் மாறவில்லை.

"அப்ப பஸ்?" என்றாள் மகாராணி.

"ஒரு பஸ் போதும்மா. முதல் பஸ்ஸுலயே ஏறட்டும். பின்னாடி வயலின் போட்டுக்கலாம்."

அவள் பேசினாள். நிதானமாக, நன்றாகப் பேசினாள். சதவீதம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "நான் அந்த சீன்ல அழுதேன்மா. அன்னிக்கு போனைப் பார்க்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டதே அதுக்குத்தான். எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு. ஆனா நான் டிக்கெட் வாங்கினவன் இல்லையே" என்றார்.

இந்த ஆளை மனதாரத் திட்டக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டார்.

வராந்தாவில் மகாராணி கேட்டாள்: "மாமா, நீங்க எதுவுமே பண்ணாம இருந்திருந்தா?"

மூன்று லோகத்திலும் ஓயாத வாய் என்று பெயரெடுத்தவன். எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானையே மறுபடி மறுபடி அமுக்கினேன்.

மார்ச் 19

வெட்டினேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கடைசி முடிவு நிறுவனத்துடையது என்று முதல் நாளே அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் மாட்டேனென்றால் பக்கத்து அறை எடிட்டர் அரை மணியில் முடித்துவிடுவான். வேறொருவன் கை படுவதற்கு என் கையே படட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாக் கசாப்புக்காரனும் இதைத்தான் சொல்லிக்கொள்வானோ?

நாலு நிமிடம் பத்து வினாடி, பதினொரு வினாடி ஆயிற்று. அவள் உட்காருகிறாள், பஸ் வருகிறது, ஏறுகிறாள். சுத்தமான வெட்டு. தொழில் சுத்தம் எங்கே போகும்.

வெட்டியதெல்லாம் நிறுவனத்தின் சொத்து. மாலையிலேயே ஆள் வந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். மகாராணி அறைப் பக்கம் வரவில்லை.

வியாபாரம் கலையைக் கெடுக்கிறது என்று எத்தனையோ மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். நானே இரண்டு மேடையில் பேசி மாலை வாங்கியிருக்கிறேன். அது கத்தியோடு வெளியிலிருந்து வரும், நாம் கதவை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்தாறு வருடத்தில் அது உள்ளே வந்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டது தெரியவில்லை. என் தந்திரம் முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் நின்றது: அசிங்கம் எல்லோருக்கும் அசிங்கமாகத்தான் தெரியும். அந்த அசிங்கத்தைத் தேடி எடுத்து, ஜால்ரா போட்டு, சரியான இடத்தில் ஒட்டத் தெரிந்தவன் இந்த நிறுவனத்திலேயே நான் ஒருவன்தான்.

ஏப்ரல் 28

போஸ்டர் வந்துவிட்டது. பஸ் நிலையச் சுவர் முழுக்க நாற்காலி. கதாநாயகி ஓரத்தில், தபால்தலை அளவுக்கு. படத்தின் தலைப்பையும் மாற்றிவிட்டார்கள். புதுத் தலைப்பை எழுத என் பேனா மறுக்கிறது.

மே 22, வெள்ளி

படம் வெளியான நாள். அக்காவைக் கூட்டிக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனேன். மகாராணி வேறு தியேட்டரில் ரசிகர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்.

நாற்காலிக்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அத்தான் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் வந்தது. பதினொரு வினாடி. வயலின்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது கேட்டாள்: "முதல் பஸ்ஸுலயே ஏறிட்டாளேடா."

"ஆமாக்கா."

ஆட்டோ வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நானும் ஏறியிருக்கலாம். பாவம், என் பொண்ணு அவ்வளவு நேரம் வாசல்ல நின்னிருக்க மாட்டா."

இருபத்திரண்டு வருஷமா அவ மனசுல இல்லாத ஒண்ணை நான் ஒட்டிட்டேன். அதை வெட்டற கத்தரி என்கிட்ட இல்ல.

ஜூன் 11

இருபது நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை. கடைகளில் நாற்காலி பொம்மை விற்கிறார்கள். அமுக்கினால் ஜால்ரா சத்தம் வருகிறது. நிறுவனத்தில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மகாராணிக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 12

எடுக்கவில்லை.

ஜூலை 2

மேஜையை ஒழித்தபோது அன்றைய மார்க் அட்டை ஒன்று கிடைத்தது. பஸ் காட்சிக்கு நூற்றுக்கு நூறு. கீழே பென்சிலில்: "யாரோ கத்தினார்கள். அதனால் சரியாகப் பார்க்க முடியவில்லை. மறுபடி பார்க்க வேண்டும்." பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்த ஆளிடம் போய் என்னவென்று சொல்வது?

செப்டம்பர் 7, திங்கள்

மகாராணி வந்தாள். ஐந்தரை மாதத்துக்குப் பிறகு. கையில் இரண்டு டீ. ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் பாகத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை நாற்காலிக்குக் கல்யாணமாம். எடிட்டர் நான்தான் வேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல் பழைய வேஷத்தைப் போட்டுக்கொண்டேன். "வருக மகாராணி. பேரரசு உங்களுடையது. முதல் காரியமாகப் பலியாடு எதுன்னு முடிவு பண்ணுவோம். ஒட்டகம் ஒண்ணு சும்மாத்தான் இருக்கு."

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

"இதுக்கு ஆடு வேண்டாம் மாமா."

"ஏன்?"

"காப்பாத்தற மாதிரி எதுவும் எழுதல."

டீயைக் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். எங்கே வெட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொன்னாள். எல்லாம் சரியான இடம். மதியத்துக்குள் முதல் ரீல் முடிந்துவிட்டது. ஒரு சண்டைகூட வரவில்லை.