கலப்பு என்று எழுதியிருந்த பாட்டில்

அன்புக்குரிய சம்பந்தி அந்தோணி அவர்களுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் என் மேல் கோபம் எதுவும் இருக்காது என்று உங்கள் வீட்டம்மா சொல்லி அனுப்பினார்கள். எனக்கு உங்கள் மேல் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் கடைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனீர்கள். பங்குனி பிறப்பதற்குள் இறந்தும் போனீர்கள். இது நியாயமா?

கேட்டது நாலு பேர் இருந்த கடையில். ஆகவே பதிலையும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்குக் கதை தெரியாது. என் மகள் வசந்தா உங்கள் மகன் ஜோசப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பத்திரிகை வைத்தார்கள், சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பீரா என்று கேட்பீர்கள். கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. இதே ஆரணியில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. நீங்கள் மட்டும் கல்யாணம் ஆன மறுநாளே என் பட்டுக்கடையில் வந்து உட்கார்ந்து, சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் நீங்கள். வருஷம் முழுக்க கேன்டீன் ரம், கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு ஸ்காட்ச். மதுவிலக்குக் காலத்தில் பர்மிட் எழுதி வாங்கிக்கூட அந்த வழக்கத்தை விடவில்லை என்று பெருமையாகச் சொல்வீர்கள். ஆனால் பென்ஷன்காரர் வாங்கக்கூடிய ஸ்காட்ச் எது? அதைச் சொல்லத்தான் என்னைப் பிடித்தீர்கள். நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டு, அகராதியை வைத்துக்கொண்டே ஆங்கிலம் படித்தவன் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் வருஷம் இரண்டு பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். மெட்ராஸிலிருந்து ஃபாரின் சாமான் கொண்டுவந்து விற்கும் கோபாலிடம், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியவை. ஒன்றில் கோட்டைப் படம், இன்னொன்றில் செம்மறியாட்டுப் படம். இரண்டு லேபிளிலும் ‘பிளெண்டட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அகராதியைப் பார்த்தேன். கலந்தது என்று போட்டிருந்தது.

எங்கள் தொழிலில் கலப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். பட்டோடு செயற்கை நூலைச் சேர்த்து நெய்து, அசல் என்று விற்பது. ஒரு இழையை உருவிக் கொளுத்தினால் தெரிந்துவிடும். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு, காகிதம் எரிகிற நாற்றம் வந்தால் கலப்பு. அப்படி எத்தனையோ சேலைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“ரெண்டும் கலப்பு. அவனே எழுதியிருக்கான்” என்றேன்.

“இன்னாங்க சம்பந்தி, திருடன் எவனாவது நான் திருடன்னு சட்டையில எழுதிக்கினு வருவானா?”

“வெள்ளைக்காரன் வருவான்.”

சிரித்துக்கொண்டே போய், பாட்டில்களைக் கோபாலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ரம்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருஷமும் அப்படியே. கலப்பு இல்லாதது ஒன்று கோபாலிடம் இருந்தது. அதன் விலைக்கு நீங்கள் ஓய்வு பெற்றிருக்கவே கூடாது.

உங்களுக்கு ஆங்கிலம் படிக்க ஜோசப் இல்லையா? அவன் வாத்தியார்தானே. இருந்தும் என்னிடமே வந்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

போன வருஷம் மூன்று பாட்டில் கொண்டுவந்தீர்கள். பேத்தி ஷீலாவுக்கு விவரம் தெரிந்து வருகிற முதல் கிறிஸ்துமஸ், எதையாவது ஒன்றை நீங்களே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள் என்றீர்கள். கடையில் நெசவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் லேபிளைத் தொட்டுக் காட்டி, கலப்புச் சரக்கை என் கையால் எந்த வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டேன் என்றேன்.

நீங்கள் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தீர்கள். செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு சொன்னீர்கள்: “நம்ம ஷீலாவும் கலப்புதாங்க சம்பந்தி. அத எந்தக் கடையில திருப்பிக் குடுக்கிறது, சொல்லுங்க.”

நெசவுக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. வசந்தா என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை எடுத்து விஸ்கி என்ற பகுதியைப் படித்தேன். நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வதற்காக அல்ல. அகராதி சொன்னதைத்தான் நான் சொன்னேன். அகராதி குறைவாகச் சொல்லிவிட்டது. பார்லியில் மட்டும் காய்ச்சுகிற விஸ்கி காரமாக, புகைவாடையோடு இருக்குமாம். மற்றத் தானியத்தில் காய்ச்சுவது லேசாக இருக்குமாம். ஒன்றின் குறையை ஒன்று மூடும்படி இரண்டையும் சேர்க்கிறார்கள். பீப்பாய் பீப்பாயாக மோந்து பார்த்து, எதில் எவ்வளவு என்று முடிவு செய்கிறவன்தான் அந்தத் தொழிலில் பெரிய ஆள். உலகத்தில் விற்கிற ஸ்காட்ச்சில் பெரும்பாலானது இதுதானாம். இதை நீங்கள் உயிரோடு இருந்தபோது எனக்கு எவனும் சொல்லவில்லை.

சேலையில் கலப்பு குற்றம்தான். இன்றைக்கும் திருப்பி அனுப்புகிறேன். அது குற்றம் ஆவது மறைத்து விற்பதால். வெளியே சொல்லிச் செய்கிறது வேறு சரக்கு. உங்கள் வீட்டிலும் எதையும் மறைக்கவில்லை. பத்திரிகை அடித்து, பட்டப்பகலில்தான் செய்தார்கள். ஆகவே என் பதில் இது: குழந்தையை எங்கும் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இந்த மார்கழியில் வசந்தா கடைக்கு வந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மாமா இல்லாததால் இந்த வருஷம் பாட்டில் கிடையாது, பிரியாணி மட்டும்தான் என்றாள். பிறகு, “நீங்க வருவீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா இனிமே யாரும் வந்து கூப்பிட மாட்டோம், ப்பா” என்றாள். நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடிப்பதற்குள் போய்விட்டாள். உங்கள் வீட்டுப் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது.

மறுநாள் கோபால் கடைக்குப் போனேன். டார்ச் லைட்டுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன், “பட்டுக்காரரே, நூல் உருவிக் கொளுத்திப் பாக்கப் போறீங்களா? கட எரிஞ்சிடும்” என்றான்.

முதல் பாட்டிலில் ஸ்காட்லாந்து என்பதில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. போலி. அடுத்ததில் சரக்கு கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது, மூடியைத் திறந்து மூடியிருக்கிறார்கள். மூன்றாவதைக் காட்டி, பன்னிரண்டு வருஷப் பழசு என்றான். உங்கள் வீட்டில் எல்லோரும் சோடா ஊற்றித்தான் குடிப்பார்கள். பன்னிரண்டு வருஷத்தைச் சோடாவில் கரைப்பானேன்? வயசு போடாத செம்மறியாட்டுப் படத்தை எடுத்தேன். மூடி முறுக்கு உடையவில்லை, தலைகீழாகக் கவிழ்த்தால் அடியில் கசடு இல்லை, ஸ்காட்லாந்திலேயே அடைத்தது என்று ஒழுங்கான எழுத்தில் இருந்தது. விலையும் உங்களுக்குக் கட்டுப்படியாகிற விலைதான்.

“அது கலப்பாச்சே பெரியவரே. நீங்கதான வேணாம்னு திருப்பித் திருப்பி அனுப்புவீங்க?”

“கலப்புன்னு வெளியில எழுதியிருக்கு இல்ல, அதான் வேணும்.”

செய்தித்தாளில் சுற்றப் போனான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டார் கோயிலிலிருந்து திரும்பியதும், அந்தப் பாட்டிலை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, பஜார் வழியாக நடந்து வருவேன். எங்கே போகிறீர் என்று யார் கேட்டாலும் சம்பந்தி வீட்டுக்கு என்பேன். நான் குடிக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. மாமனார் எதிரில் கிளாஸைத் தொட ஜோசப் கூசுவான். கூசட்டும். அவனுக்கு முதல் கிளாஸை ஊற்றப்போவது நான்தான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவன்,
சம்பந்தி ஏகாம்பரம்