தகரக் குவியலிலிருந்து வந்த பாம்பு

மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி இன்று காலையில் பாம்புக்கடிக்கு மருந்தென்று எல்லோரும் வைத்திருக்கும் மாதா கோயில் மண்ணில் ஒரு சரை தந்துவிட்டுப் போனாள். பழைய பத்திரிகைத் தாளில் மடித்திருந்தாள். பிரித்தபோது ஈரமண்ணும் மெழுகுதிரியும் கலந்த மணம் எழுந்தது. மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. நீ இருந்தபோது சொல்லத் துணியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

கன்னியர் மடத்து விடுதி உனக்கு நினைவிருக்கும். முற்றத்தில் கற்குகை போலக் கட்டிய கெபியில் மாதாவின் காலடியில் ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கும். நாங்கள் எல்லோரும் மாதாவுக்குப் பூ வைப்போம். உயிலங்குளத்துச் சைவப் பிள்ளையான நீ மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பாம்பின் தலையில் ஒரு பூவை வைப்பாய். சிஸ்டரிடம் சொல்லிக்கொடுத்தது நான்தான். தண்டனைக்கு முழங்காலில் நின்று எழும்பி வந்த நீ என்னோடு கோபிக்கவில்லை.

"உங்கட ஆக்கள், பழத்தைத் தின்னச் சொன்னதெண்டு அதை மிதிக்கிறியள். எங்கட நெல்லைத் தின்னுற எலியை அது தின்னுதெண்டு நாங்கள் பால் வைக்கிறம். வயலில வந்து நிண்டு பார், உனக்கு விளங்கும்" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. கதைகள் உண்மையா பொய்யா என்று மட்டுமே கேட்கப் பழகியவள் நான். என் வீட்டுக்காரர்கூடச் சொல்லுவார், உன்னோடு கதைப்பது சாட்சிக் கூண்டில் நிற்பது போல என்று.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து உன்னை விட்டபோது உன் காணியில் மிஞ்சியிருந்தது கிணறும் ஒரு புளியமரமும்தான். மற்றதெல்லாம் பற்றைக் காடு. நிவாரணமாகக் கொடுத்த தகரங்களில் பாதியால் கொட்டில் போட்டாய். மீதியை வேலியோரம் குவித்து வைத்தாய். அந்தக் கிழமைதான் வீட்டுத்திட்டக் கடிதம் வந்தது. கந்தோருக்கு எழுதவும் பேசவும் நான் வேண்டுமென்று ஆள் அனுப்பினாய். தீவிலிருந்து பஸ் ஏறி வந்தேன்.

வந்து பார்த்தால், அத்திவாரம் போடவேண்டிய இடத்தின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று. அடுத்த நாள் உத்தியோகத்தர் இடத்தை அளக்க வருகிறார். நிலம் துப்புரவாக இல்லாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே இருந்தது. கிணற்றிலிருந்தும் றோட்டிலிருந்தும் விடவேண்டிய தூரத்தைக் கணக்குப் பார்த்தேன். அத்திவாரத்தைத் தள்ளிப் போட வழியில்லை.

"பால் வைச்சுக் கேப்பம். மூண்டு நாள் பொறுத்தால் நாகதம்பிரான் தானாப் போயிடுவார்" என்றாய்.

வெட்டிய பற்றைகளை ஏற்ற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்த சலீமும் உன் பக்கம் சேர்ந்துகொண்டான். முசலிக்காரன். அவனும் ஊரைவிட்டு விரட்டப்பட்டு இருபது வருடம் புத்தளத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவன். "எங்கட ஆக்களும் அப்பிடித்தான் அம்மா. வீட்டுக்க கண்ட பாம்பை உடனே அடிக்க மாட்டாங்க. பாம்பு உருவில வந்த ஜின்னாயும் இருக்கலாம். மூண்டு நாள் தவணை சொல்லுவாங்க."

"நல்லது. பாம்புக்கு மூண்டு நாள் தவணை, உத்தியோகத்தர் வாறது நாளைக்கு. ரெண்டு பேருமாப் போய் அவருக்கும் பால் வைச்சுப் பாருங்கோ" என்றேன்.

சலீம் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. நான் மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டை வெட்டினேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிடிவாதத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும். புற்று பாதிக்குச் சரிந்தது. ஒன்றும் வரவில்லை. "எங்கே உன்ர நாகதம்பிரான்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றைக்கும் என் காதால் கேட்கிறேன்.

மத்தியானம் நீ கூடையோடு புற்றுமண்ணை அள்ளப் போனாய். உடைத்ததுதான் உடைத்தாயிற்று, நிலம் மெழுக நல்ல மண் என்றாய். சலீம் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். உனக்கு ஐந்தடி பின்னால் நான் நின்றேன். சரிந்த மண்ணுக்கடியில் இருந்த பொந்திலிருந்து அது எழுந்தது. படத்தை நான் கண்டேன். கத்துவதற்குள் உன் கணுக்காலில் கொத்திவிட்டுப் பற்றைக்குள் போய்விட்டது. குனிந்திருந்த நீ வாலைக்கூடக் காணவில்லை.

நீ அழவில்லை. புற்றுக்கு முன்னால் கால்களை நீட்டி அமர்ந்தாய். முகாமிலும் இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்த மடு மண்ணை எடுத்து, எச்சில் தொட்டுக் காலில் பூசினாய்.

"ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"போய்? அவற்ற வீட்டை உடைச்சுப்போட்டம். அவர் தந்தது. டாக்குத்தர் என்ன செய்யிறது?"

"விசரி, எழும்பு!"

"என்னை விடடி. நான் இதிலயே கிடக்கிறன்."

சலீம் தூக்க வந்தான். புற்றடிவரை நீண்டிருந்த புளியமர வேரை நீ இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாய். கால் வீங்கத் தொடங்கியிருந்தது. உன் வலக்கண் இமை மெல்லக் கீழே இறங்குவதைக் கண்டேன். ஆஸ்பத்திரிக்குப் பத்து மைலுக்குக் கிட்ட. நீ நம்பியிருந்த கதையில் உன் பங்கு அந்த இடத்தில் சாவதுதான். விஷத்தையும் நரம்பையும் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்தக் கதைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. அதற்குள் நுழைய இன்னொரு கதைதான் வேண்டும்.

"புத்துக்குள்ளயிருந்து வரேல்லை. தகரக் குவியலுக்குக் கீழயிருந்து வந்தது. நாகமில்லை, புடையன் பாம்பு. நான் கண்டனான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். "உண்மையாவோ?"

"நான் எப்ப உனக்குப் பொய் சொன்னனான்?"

"சத்தியம் பண்ணு."

"மடு மாதா மேல சத்தியம்."

வேரிலிருந்து உன் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சலீம் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினான். தீவுக்குப் போகும் தாம்போதிப் பாதைக்கு முன்னால் இருந்த சோதனைச்சாவடியில் மறித்தார்கள். உன் அடையாள அட்டை கொட்டிலில் இருந்தது. ஆமிக்காரப் பெடியன் காலைப் பார்த்துவிட்டு "நயாத?" என்று சிங்களத்தில் கேட்டான். நாகமா என்று கேட்கிறான் என்பது உனக்கும் விளங்கிவிடுமே என்ற பயத்தில், இல்லை என்று தலையாட்டினேன். அவன் தடையைத் தூக்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு, டாக்டரின் கையைப் பிடித்து, "நாகம். படத்தைக் கண்டனான். அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன். அன்று அவருக்கு மட்டும்தான் உண்மை சொன்னேன்.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தாய். கேட்ட முதல் கேள்வி, உத்தியோகத்தர் வந்தாரா என்பது. வந்தார், அளந்தார். நான் நின்று அளப்பித்தேன்.

அந்த வீட்டில் எட்டு வருடம் இருந்தாய். நாகதம்பிரான் கோபிக்காமல் உனக்கு நிலம் விட்டுத் தந்தார், எங்கிருந்தோ வந்த புடையனின் விஷத்தை மாதா வாங்கிக்கொண்டார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாய். நான் பக்கத்தில் இருந்தால், "இவ கண்ணால கண்டவ" என்பாய். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தக் கதையை எனக்கே சொன்னாள். அவளுடைய கதையில் புற்றை யாரும் உடைக்கவில்லை. நாகம் தானாக இறங்கிப் போய்த் தகரக் குவியலடியில் புடையனோடு சண்டை பிடித்ததாம். பிழை திருத்த வாய் திறந்தேன். பிறகு, "ஓம், கேள்விப்பட்டனான்" என்றேன்.

உன் சொல்லைக் கேளாமல் புற்றை வெட்டியது என் கர்வம். அதைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பொய்ச் சத்தியத்தை மட்டும் இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு தவக்காலமும் அந்த வரிசையில் நின்று, அதோடு உள்ளே போய், அதோடேயே திரும்பி வருகிறேன். சொன்னால் மனஸ்தாபப்பட வேண்டும். செய்ததற்காக மனம் வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். அங்கே முழங்காலில் நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியாது.