ராசாவின் அறுபதும் இவரின் அறுபதும்

ஒக்ரோபர் 5, 2025 – ஞாயிறு
சேர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வராததுமாக இவர் சாப்பாட்டு மேசையில் சீனக் காசுகளைப் பரப்பிவிட்டார். எல்லாம் நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய பித்தளை. புட்டுக் கோப்பைக்கு இடமில்லை.

"எமில்டா, இதைப் பாரும். காங்சி எண்ட ராசாவின்ர அறுபதாம் பிறந்தநாளுக்கு அடிச்ச நினைவு நாணயம்."

தங்கச் சிலைகளை உருக்கிச் சேர்த்தார்கள் என்று ஒரு கதையாம். சோதித்தவர்கள் கண்டது பித்தளைதானாம். கலியாணம் கட்டிய பெண்களுக்கு இது புதுச் செய்தியா?

ஒக்ரோபர் 9
இவருக்குக் குடலில் பயொப்சி எடுத்தார்கள். முடிவுக்கு மூன்று கிழமை. அறுபதாம் பிறந்தநாள் விழா நவம்பர் எட்டில். அதுவரை மகள் மெலனிக்குச் சொல்லக்கூடாது என்று அருள்நாயக மகாராசா கட்டளையிட்டுவிட்டார்.

ஒக்ரோபர் 10
ஒன்றுமாக இராது. இராதுதானே?

ஒக்ரோபர் 13
ஊர் உலகத்தில் விழாவுக்கு வருகிறவர்களுக்குச் சொக்லேற் பெட்டி கொடுப்பார்கள். இவர் தன் பெயரில் காசு அடித்துக் கொடுக்கப் போகிறாராம், சதுர ஓட்டையோடு. மார்க்கம் ரவுணில் ஒரு கடையில் சொல்லியும் விட்டார். என்னிடம் கேட்கவில்லை. ராசாக்கள் எப்போது கேட்டார்கள்?

ஒக்ரோபர் 24
காசுகள் வந்துவிட்டன. நூற்றைம்பது. பக்கத்து வீட்டுப் புனிதவதி அன்ரி ஒன்றைக் கையிலெடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தா. ஓட்டைக்கு மேலே அருள், கீழே நாயகம். வலப்பக்கம் நினைவு, இடப்பக்கம் நாணயம். பின்பக்கம் 1965 – 2025.

"ஐயோ பாவம். எப்ப பிள்ளை முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை?"

அருள்நாயகம் அப்போது அவவுக்குத்தான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

அவ போனபிறகு கேட்டேன். கேட்டேனா, கத்தினேன். உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆரும் நினைவு எண்டு போடுவினமோ? நடுவில கோடும் இழுத்து? செத்தவீட்டு நோட்டீஸிலயும் உப்பிடித்தானே போடுறவை.

"போனில தேடினனான். நினைவு நாணயம் எண்டுதான் வந்தது."

"அப்ப அந்த வருசம்?"

"விழா நடக்கிற வருசம்." பிறகு மெல்ல, "அது பிழை எண்டு உமக்கு என்ன நிச்சயம்?"

கோப்பையைப் போட்டு உடைத்தேன். நல்ல கோப்பை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஒக்ரோபர் 26
கராஜில் அரம் கிடந்தது. 2025ஐ ஒவ்வொன்றாக அராவத் தொடங்கினேன். 'நினைவு' கிடக்கட்டும், அது பெரிய எழுத்து. முப்பதாவது காசில் கை எரிந்தது. இவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"காங்சியின்ர காசிலயும் ஒரு எழுத்தில ஒரு கோடு இல்லை. அதை வைச்சுத்தான் அடையாளம் பிடிக்கிறவை."

மன்னிப்புக் கேட்கிறாராம். சீன வரலாற்றின் வழியாக. இன்னொரு அரத்தை எடுத்து நீட்டினேன்.

ஒக்ரோபர் 30
கான்சர்தான். நவம்பர் பத்தொன்பதாம் திகதி ஒப்பரேசன். வெட்டினால்தான் மிச்சம் தெரியும் என்றார் டொக்டர். இவர் அவருக்கும் ஒரு காசு கொடுத்தார்.

நவம்பர் 3
எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 9 – ஞாயிறு
விழா நேற்று முடிந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போய்த் தன் கையாலேயே காசு கொடுத்தார். '1965 –' என்று நின்றதை எல்லோரும் ஏதோ புது டிசைன் என்று நினைத்துவிட்டார்கள். புனிதவதி அன்ரி மட்டும் என் கையைப் பிடித்தா. பிடித்தபடியே இருந்தா.

கேக் வெட்டும்போது மெலனி மைக்கைப் பிடித்தாள். "அப்பா, செவன்ரிக்கும் கொயின் அடிப்பீங்களா?" விட்பியில் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகமுதல் இன்றைக்குப் பின்னேரம் அவளுக்குச் சொல்லவேண்டும். நேற்று அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அடிக்காமல்? காங்சி ராசா தன்ர எழுபதுக்கு இதைவிடப் பெரிசா அடிச்சவர்" என்றார் இவர். சபை கைதட்டியது. இவர் என்னைப் பார்த்தார்.

நான் போன மாதமே தேடிப் படித்துவிட்டேன். அந்த ராசா அறுபத்தெட்டு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் சபையில் பிழை சொன்னால் அங்கேயே திருத்துவதுதான் முப்பத்திரண்டு வருடமாக என் வேலை.

"ஓம் மெலனி," என்றேன். "பெரிசா அடிச்சவர்."