தானாக விழுந்த வௌவால்

1943 மார்ச் 2, செவ்வாய்

பனி. விறகு நமுத்துப்போய் வீடெல்லாம் புகை. மண்ணெண்ணெய் இந்த வாரமும் இல்லை. சண்டை முடிந்தால்தான் வருமாம்.

அண்ணிக்கு இன்று முதல் மருந்து. மூன்று செவ்வாய், மூன்று வௌவால். தலை முழுகி, ஈரத் தலையோடு, வெறும் வயிற்றில் சாறு குடிக்க வேண்டும். வயிறு திறக்கும் என்று பூசாரி சொன்னார்.

அறுப்பது என் வேலை. கோழி, கருவாடு, விசேஷத்துக்கு ஆட்டுக்கறி, எல்லாவற்றுக்கும் நான்தான். அம்மாவுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம். எனக்கு மனிதர்களைக் கண்டால்.

மயிலத்துச் சித்தி வந்திருந்தாள். இலுப்பை மரத்தில் அத்தனை தொங்குகிறதே, வலை போட்டால் ஒரே நாளில் மூன்றையும் பிடித்துவிடலாமே என்றாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது முனீஸ்வரன் மரம். கல், கவண், வலை எதுவும் ஆகாது. தீபாவளிக்குக்கூட எங்கள் ஊரில் வெடி கிடையாது. விடிவதற்குள் தானாக விழுந்து கிடப்பதுதான் வரம். பூசாரி அதற்குத் திருநீறு பூசிக் கேட்ட வீட்டுக்குக் கொடுப்பார். சினையாக இருந்தால் பிள்ளை இல்லாதவளுக்கு என்று எடுத்துவைப்பார். சித்திக்கு இதெல்லாம் புதிது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

வௌவாலுக்கு நாய்க்குட்டி முகம். கண் மூடவில்லை. பின்பக்கத்து முடியெல்லாம் நனைந்து சிவப்பு. வாடை வழக்கமான வௌவால் வாடை இல்லை, வேறு. சித்தி அவசரப்படுத்தியதால் உள்ளே இருந்ததையெல்லாம் பார்க்காமல் வழித்துக் குப்பையில் போட்டேன்.

மிளகு, பூண்டு, சீரகம், நல்லெண்ணெய். அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கண்ணில் தண்ணீர். சித்தி சிரித்தாள்.

பச்சைப் பாவாடை கிழிந்துவிட்டது. தைக்க வேண்டும்.

மார்ச் 4, வியாழன்

அம்மா மல்லாட்டைக் கடலை உடைக்கப் போனாள். வெயில் ஏறிவிட்டது.

அண்ணிக்குக் காய்ச்சல். கண் சிவந்திருக்கிறது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். இதை எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள். எழுதுவேன். மூத்திரம் எரிகிறது. எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "மருந்து வேலை செய்யுது. பழைய சூடு எறங்கினா எரியத்தான் செய்யும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அண்ணிக்குக் கொடுத்தது: நீராகாரம், வெந்தயம், இரண்டு இளநீர். இளநீர் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன். கேட்பதற்குள் வாசலில் மூன்று முறை நின்று திரும்பினேன்.

மார்ச் 7, ஞாயிறு

அண்ணன் வந்தான். விழுப்புரத்தில் ரயில் என்ஜின் கொட்டகையில் கரி அள்ளுகிறான். வாரம் ஒரு நாள்தான் வீடு. வண்டி நிறையச் சிப்பாய்களாம். மயிலம் ஸ்டேஷன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தானாம். கொண்டுவந்தது: வெல்லம், தீப்பெட்டி, சோப்பில் பாதி.

அண்ணிக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. எரிச்சல் விடவில்லை. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் கூழ் குடிக்கும்போது அம்மா ஆரம்பித்தாள். கல்யாணம் ஆகி ஐந்து வருஷம் ஆகிறதாம். ஊர் கேட்கிறதாம். பிறகு, அண்ணி காதில் விழட்டும் என்றே சத்தமாக:

"ஆடிக்குள்ள ஒண்ணு நிக்கலைன்னா திண்டிவனத்துப் பொண்ணைப் பேசிட வேண்டியதுதான். எங்கண்ணன் மவ. அவுங்களும் எத்தினி நாளு காத்துக்கினு இருப்பாங்க?"

அண்ணன் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் இஷ்டம்" என்றான்.

உன் இஷ்டம்! வெல்லம் அதிகமா குறைச்சலா என்று கேட்டால் சொல்வதுபோல.

அண்ணி கொல்லையில் தேய்த்த பானையையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம். தொண்டையில் ஏதோ வந்தது, விழுங்கிவிட்டேன். ஆறாவது வகுப்பில் டீச்சர் கேட்டால் எழுந்து நின்று இப்படித்தான் விழுங்குவேன். பெரியவளானேன் என்று படிப்பை நிறுத்தியபோது அதற்காகவே கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். இப்போது இல்லை.

மார்ச் 9, செவ்வாய்

இரண்டாவது. பூசாரியே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சினை, கை வைத்துப் பார், குட்டி உருளுகிறது என்று அம்மா கையைப் பிடித்து அதன் வயிற்றில் வைத்தார். அம்மா அதற்கே கும்பிட்டாள்.

இந்தத் தடவை மெதுவாக அறுத்தேன். சித்தி இல்லை. அம்மா வாசல் பக்கம் போய்விட்டாள்.

குட்டி இல்லை. உருண்டது மூத்திரப்பை. எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக் கெட்டியாக இருந்தது. கத்தி பட்டதும் செந்நீர். அடியில் ஆற்று மணல் மாதிரி நரநரவென்று கல். அதற்குப் பின்னால் கர்ப்பப்பை. ஆட்டில் பார்த்திருக்கிறேன், எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். இது தடித்து, கறுத்து, உள்ளே மஞ்சளாகச் சீழ். நாற்றம் தாங்கவில்லை.

அண்ணி தலை முழுகிவிட்டு வந்தாள். காட்டினேன்.

"குட்டி எங்கடி?"

"இல்ல அண்ணி. சீழுதான்."

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுவும் என்னை மாதிரிதானா" என்றாள்.

கொட்டிவிடலாம், வெறும் மிளகுத் தண்ணீர் வைக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது என்றேன். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல்.

"கொட்டிட்டுப் பொய் சொல்லுவ. ஆடி மாசம் அவ வந்து நிப்பா. அப்பவும் எனக்காவப் பொய் சொல்லிக்கினு இருப்பியா?"

நன்றாகக் கழுவிச் சமைக்கச் சொன்னாள். கழுவினேன், மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு, மறுபடி. குடித்தாள். மூக்கைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

என் கையில் நாற்றம் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தும்.

மார்ச் 11, வியாழன்

மறுபடி காய்ச்சல். அம்மா அடுத்த செவ்வாய்க்கு மிளகு வாங்கி வைத்தாயிற்று.

யோசித்தேன். ராத்திரி இரை தேடிப் பறக்கும் வௌவால் காலையில் வந்து கொம்பைப் பிடித்துத் தொங்கும். தூங்கினாலும் பிடி விடாது. அப்படியானால் விழுவது எது? பிடிக்கத் தெம்பில்லாதது. நோவு கண்டது. நல்லதெல்லாம் மேலே தொங்க, நோவு கண்டதை மட்டும் பொறுக்கி எடுத்து வரம் என்று இத்தனை வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை வீட்டு மருமகள்கள்!

பூசாரியிடம் கேட்டேவிடுவது என்று போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கே போனதும் பாதி மறந்துவிட்டது. அவர் மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மேலே ஒரே இரைச்சல், இறக்கையை விசிறிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

நோவு கண்டதுதானே விழும் என்று மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "ஊமைக்கு வாய் வந்துட்டுதா? விழுறதும் அவரு சொல்லித்தாம்மே விழுது. நோவு குடுக்கறவரு மருந்து குடுக்க மாட்டாரா?"

நல்ல மனுஷர்தான். பிரசாதம் கொடுத்தார். பொங்கல். தின்றுகொண்டே வந்தேன். ஆனால் அவர் சொன்னது பதில் இல்லை.

மார்ச் 12, வெள்ளி

உச்சி வெயில். சுள்ளி பொறுக்கப் போனபோது இலுப்பை வேரில் ஒன்று விழுந்து கிடந்தது. விடிந்த பிறகு விழுந்தது வரம் இல்லை, யாரும் தொட மாட்டார்கள். உயிர் இருந்தது. துணியை நனைத்து வாயில் பிழிந்தேன். நக்கியது. நாக்கு ரோஜா நிறம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

ஆண்.

தாவணியில் சுற்றி வாய்க்கால் பக்கம் கொண்டுபோய்ச் சுள்ளிக் கத்தியால் அறுத்தேன். அதே மூத்திரப்பை, அதே மணல். விதை ஒன்று நெல்லிக்காய் அளவு வீங்கி, கீறினால் சீழ். இன்னொன்று சுண்டி, காய்ந்த சுண்டைக்காய்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியாது. ஆணுக்கும் வரும். இதை யாரும் சொன்னதில்லை. பிள்ளை இல்லை என்றால் மருந்து அவளுக்கு, விரதம் அவளுக்கு, திட்டு அவளுக்கு. அவன் கூழ் குடித்துவிட்டு உன் இஷ்டம் என்பான்.

அண்ணன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதுவும் உண்மை.

சுள்ளி கொண்டுவர மறந்துவிட்டேன். திட்டு.

மார்ச் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அண்ணன் மத்தியானம் வந்தான். அண்ணி கிணற்றுக்குப் போயிருந்தாள். அம்மா சோறு போட்டு விசிறிக்கொண்டே மறுபடி திண்டிவனத்துப் பேச்சு. குறையெல்லாம் விக்கிரவாண்டியிலிருந்து மருமகளாக வந்தவள் வயிற்றில்தான் என்றாள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். விழுங்கப் பார்த்தேன். இந்தத் தடவை முடியவில்லை.

"ஆணுக்கும் வரும்ணா."

"இன்னாது?"

"நோவு. நான் வௌவாலை அறுத்துப் பார்த்தேன். பொட்டைக்குக் கர்ப்பப்பையில சீழு. ஆணுக்கு விதையில. ரெண்டுக்கும் மூத்திரப்பையில கல்லு. அண்ணிக்கு அதைத்தான் குடுத்துக்கினு இருக்கோம். நீ அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ. நீயும் காட்டிக்க."

அம்மா விசிறிக் காம்பாலேயே அடித்தாள். பிறகு கையால். வயசுப் பெண் பேசுகிற பேச்சா, நாக்கில் சூடு போட வேண்டும், இன்னும் என்னவோ. நான் அழவில்லை. செம்பைக்கூடக் கீழே போடவில்லை.

அண்ணன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டான். கத்தவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றான். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது என் பக்கம் பார்க்காமல் கேட்டான்.

"நீயே அறுத்தியா?"

"ஆமா."

"நாத்தம் அடிச்சுதா?"

"அடிச்சுது."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணி குடத்தோடு வருவதற்குள்.

கன்னம் வீங்கியிருக்கிறது. இடது பக்கம்.

மார்ச் 15, திங்கள்

அம்மா பேசவில்லை. எனக்குக் கேப்பைக் கூழ் ஊற்றவில்லை. நானே ஊற்றிக் குடித்தேன். இரண்டு சட்டி.

அண்ணியிடம் அம்மாவே முறையிட்டிருக்கிறாள், உன் நாத்தனார் பேசின பேச்சைக் கேள் என்று. அண்ணி என்னை விறகு அடுக்கியிருக்கும் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அவுரு மூஞ்சி எப்படி இருந்துது? அதைச் சொல்லு மொதல்ல."

சொன்னேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள், விக்கல் வரும்வரை. எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாவாடை தைத்து முடித்தேன்.

மார்ச் 16, செவ்வாய்

மூன்றாவது வந்தது. நெற்றியில் திருநீறு. பின்பக்கம் சிவப்பு.

அம்மா அரிவாள்மணையை என் முன்னால் தள்ளினாள். அறுக்க மாட்டேன் என்றேன். அவளே உட்கார்ந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தாள், இறக்கைதான் கிழிந்தது. கண்ணைத் திறந்தவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். பிறகு வௌவாலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

முருங்கை மரத்தடி. மண் இறுகிப்போய் மண்வெட்டி இறங்கவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

"வரத்தைப் பொதைக்கிறியாடி? முனீஸ்வரன் கண்ணைப் புடுங்கிடுவாரு."

"புடுங்கட்டும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அண்ணி வந்தாள். தலை முழுகியிருந்தாள், முடியெல்லாம் ஈரம். மருந்துக்குத் தயாராகத்தான் முழுகியிருக்கிறாள். வௌவாலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன். காலால் நகர்த்தி எனக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

அவள் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள்.

"இன்னும் ஆழமா வெட்டணும்டி. நாயி இழுத்துக்கினு போவும்."

நாலு வெட்டு வெட்டினாள். திரும்பிப் பார்க்காமலே அம்மாவிடம் சொன்னாள்:

"திங்கக்கிழம நான் விழுப்புரம் போறேன் அத்தை. அவுரும் ஆஸ்பத்திரிக்கு வந்தா ரெண்டு பேரும் காட்டிக்கறோம். வரலைன்னா நான் மட்டும் காட்டிக்கறேன். அப்பறம் யாருக்கு இன்னான்னு பேசிக்கலாம்."

வௌவாலைக் குழியில் போட்டோம். நான் மண்ணைத் தள்ளினேன். அண்ணி மேலே ஏறி மிதித்தாள்.